மூன்று சினாரியோ காட்டினால் எல்லோரும் நடுவில் இருப்பதையே எடுக்கிறார்கள்: நீர்வளத் திட்டத்துக்கு மாடலை எப்படிப் பயன்படுத்துவது?

வடிநிலன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நடுத்தர ஆற்றுப்படுகைக்கு 25 ஆண்டுகளுக்கான நீர்ப் பயன்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் குழுவில் வேலை செய்கிறேன். மேலே மலைக்காடு, நடுவில் ஓர் அணை, அதற்குக் கீழே கால்வாய்ப் பாசனம், கிணற்றுப் பாசனம், ஒரு நகரத்தின் குடிநீர், கடைசியாகக் கழிமுகத்தில் மீன்பிடித்து வாழ்கிறவர்கள். இவ்வளவையும் வீப் என்ற நீர்ப்பங்கீட்டு மென்பொருளில் மாதவாரியான கணினி மாடலாகக் கட்டி, பழைய நீர்வரத்துப் பதிவோடு ஒப்பிட்டு, ஓரளவு பொருந்துகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

சிக்கல் அதற்கப்புறம்தான். மழை குறைவு, மழை வழக்கம் போல, மழை அதிகம் என்று மூன்று சினாரியோ, அதாவது நடக்கக்கூடிய மூன்று எதிர்காலங்கள், போட்டு, ஒவ்வொன்றிலும் அணையில் எவ்வளவு நீர் இருக்கும், யாருக்கு எவ்வளவு பற்றாக்குறை வரும் என்று வரைபடம் காட்டுகிறோம். முடிவெடுக்கிற குழு மூன்றையும் பார்த்துவிட்டு, "சரி, நடுவில் இருப்பதை வைத்துத் திட்டம் போடுங்கள்" என்கிறது. மற்ற இரண்டும் அறிக்கையின் பின்னிணைப்புக்குப் போய்விடுகின்றன. இப்படித்தான் முடியும் என்றால் சினாரியோ எதற்கு, ஒரே கணக்கு போதாதா என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று. பாசனப் பயனாளிகள் கூட்டத்தில் ஒரு பெரியவர், "கம்ப்யூட்டர் சொல்வதை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?" என்று நேராகக் கேட்டார். என்னிடம் இருந்தது தொழில்நுட்ப விளக்கம் மட்டும்தான். அது அவருக்கான பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மணற்கேணி எழுதியது:

வடிநிலன், நீங்கள் காட்டியது மூன்று சினாரியோ இல்லை, ஒரே கணக்கை மூன்று மழை அளவுக்கு ஓட்டியது. மூன்று கோடு வரைந்தால் மனிதர்கள் நடுக்கோட்டைத்தான் எடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த வரைபடமே அப்படித்தான் கேட்கிறது.

நம் கையில் இருப்பதையும் கையில் இல்லாததையும் முதலில் பிரியுங்கள். மழை, வெப்பம், மேல்படுகைக்காரர்கள் என்ன செய்வார்கள், நகரம் எவ்வளவு வளரும், இதெல்லாம் கையில் இல்லாதவை. அணைத் திறப்பு விதி, பயிர்முறை, கிணறுகளுக்கான வரம்பு, கால்வாய்ப் பராமரிப்பு, கழிமுகத்துக்கு விடவேண்டிய குறைந்தபட்ச நீர் ஆகியவை கையில் இருப்பவை. பிறகு ஒரு பெரிய அட்டவணை: குறுக்கே எதிர்காலங்கள், நெடுக்கே நம் தெரிவுகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மாடலை ஓட்டுங்கள். இப்போது "எது நடக்கும்?" என்ற கேள்வி போய், "எந்தத் தெரிவு எந்த எதிர்காலத்தில் உடைகிறது?" என்ற கேள்வி வருகிறது. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் ராபர்ட் லெம்பர்ட் குழுவினர் 2003 வாக்கில் முன்வைத்த முறையின் சாரம் இதுதான். ஒரே ஓர் எதிர்காலத்துக்கு ஆகச் சிறந்த திட்டத்தைத் தேடாமல், பல எதிர்காலங்களில் தாங்கி நிற்கிற திட்டத்தைத் தேடுவது.

நடுவில் இருப்பது பாதுகாப்பானது என்ற எண்ணம் எவ்வளவு விலை வாங்கும் என்பதற்குக் அமெரிக்காவின் கொலராடோ ஆறு போதும். 1922இல் ஏழு மாநிலங்களுக்கான பங்கீட்டு ஒப்பந்தம் போட்டபோது மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 இலட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கிற நீர் ஓர் ஏக்கர்-அடி), கீழ்ப்படுகைக்கு 75 இலட்சம் ஏக்கர்-அடி என்று எழுதினார்கள். 1944இல் மெக்சிகோவுக்கு 15 இலட்சம் சேர்ந்தது. ஆக மொத்தம் 165 இலட்சம். அவர்களிடம் இருந்த சில பத்தாண்டுப் பதிவில் ஆறு அந்த அளவுக்குத் தாராளமாக ஓடியது உண்மைதான், ஆனால் அது வழக்கத்துக்கு மாறான ஈரக்காலம். 1976இல் மரவளையங்களை வைத்துப் பல நூற்றாண்டு நீரோட்டத்தைக் கணக்கிட்டபோது சராசரி சுமார் 135 இலட்சம்தான் வந்தது. 2000க்குப் பிறகு அதற்கும் கீழே. காகிதத்தில் பங்கிட்ட அளவு நீர் ஆற்றில் நிலையாக இருந்ததே இல்லை. சட்டமாகிவிட்ட பங்கைத் திரும்ப வாங்குவது இன்றுவரை நடக்கிற போராட்டம்.

உங்கள் "வழக்கம் போல" மழை எத்தனை ஆண்டுப் பதிவிலிருந்து வந்தது? முதலில் அதைப் பாருங்கள். கடந்தகாலத்தின் சராசரியும் ஏற்ற இறக்கமும் அப்படியே தொடரும் என்ற அனுமானத்தில்தான் நீர்த்திட்டங்கள் எல்லாம் நின்றன. அந்த அனுமானம் செத்துவிட்டது என்று 2008இல் மில்லி உள்ளிட்ட நீரியலாளர்கள் சயன்ஸ் இதழில் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

நிரல்மொழி எழுதியது:

ஒரு சந்தேகம். ஒவ்வொரு எதிர்காலத்துக்கும் நிகழ்தகவு கொடுத்து எடையிட்ட சராசரி எடுத்துவிட்டால் வேலை முடிந்ததே? ஆயிரக்கணக்கில் ஓட்டினாலும் இன்றைய கணினிக்கு அது பெரிய பாரமில்லை.

மணற்கேணி எழுதியது:

ஓட்டுவது எளிது, அந்த நிகழ்தகவு எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. பத்து ஆண்டில் நகரத்துக்கு ஒரு பெரிய தொழிற்பேட்டை வருவதன் நிகழ்தகவு 0.3 என்று ஒருவர் எழுதினால், அது அவருடைய கருத்து. தசமப் புள்ளி போட்டதால் அது அளவீடாகிவிடாது. மழையின் ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்துக்கு நிகழ்தகவு பயன்படுத்துங்கள், அதற்குப் பதிவு இருக்கிறது. மனிதர்கள் எடுக்கப்போகிற முடிவுகளுக்கு வேண்டாம். அப்புறம், சராசரி எடுத்தால் ஐந்து ஆண்டு தொடர் வறட்சி என்ற மோசமான கட்டம் மற்றக் கட்டங்களுக்குள் கரைந்து காணாமல் போகும். திட்டம் உடைவது அங்கேதான்.

பாசனக்காரன் எழுதியது:

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை நானும் கேட்கிறவன். கால்வாயின் கடைமடையில் நிலம் வைத்திருக்கிறேன், பயனாளிகள் சங்கத்தில் பொறுப்பிலும் இருந்திருக்கிறேன். மாடல் என்ற பெயரில் எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்த முடிவோடு வருகிறார்கள். படத்தில் எங்கள் வாய்க்கால் ஒரு கோடு, எங்கள் நிலம் ஒரு சதுரம், பக்கத்தில் "செயல்திறன் 60 விழுக்காடு", அதாவது விட்ட நீரில் பயிருக்குச் சேர்வது இவ்வளவு, என்று ஓர் எண். அந்த எண்ணை யார் அளந்தார்கள் என்று கேட்டால் கையேட்டில் இருந்தது என்கிறார்கள்.

வாய்க்காலில் தண்ணீர் முறைப்படி வருவதில்லை. மேல்மடைக்காரர் இரவில் மதகைத் தூக்கிவிடுகிறார். முறைநாள் மாறுகிறது. மோட்டார் இருக்கிறவன் வாய்க்கால் தண்ணீர் வராத நாளில் கிணற்றிலிருந்து எடுக்கிறான், இல்லாதவன் பயிரைக் காயவிடுகிறான். மாதக் கணக்கு மாடலில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? ஒரு மாதத்துக்கு மொத்தமாகப் பார்த்தால் எங்களுக்கு வேண்டிய தண்ணீர் வந்துவிட்டது என்றுதான் காட்டும். வந்தது 20 நாள் கழித்து. பூக்கிற நேரத்தில் 20 நாள் தண்ணீர் இல்லாத பயிரை அப்புறம் எவ்வளவு நனைத்தாலும் மகசூல் திரும்பாது.

மாடலே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களிடம் இருக்கிற விஷயம் அதற்குள் போகாதவரை அது எங்களுக்கு எதிரான ஆவணம், அவ்வளவுதான். கடைசியில் "கடைமடையில் பரப்பைக் குறைக்கலாம்" என்றுதான் எல்லா அறிக்கையும் முடிகிறது.

வடிநிலன் எழுதியது:

மாதக் கணக்கு விஷயம் நியாயமானது, எங்கள் மாடலில் அந்த 20 நாள் தெரியவே தெரியாது. வாய்க்கால் பகுதியை மட்டும் பத்து நாள் கணக்காக மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன்.

செயல்திறன் என்று சொன்னதால் இன்னொன்று. எங்கள் தெரிவுகளில் பெரியது, பாசனப் பரப்பு முழுவதையும் சொட்டுநீருக்கு மாற்றுவது. மாடலில் தேவை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, பற்றாக்குறை கிட்டத்தட்ட காணாமல் போகிறது. குழுவுக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

அடிநீர் எழுதியது:

வடிநிலன், அந்த முடிவை வெளியிடுவதற்கு முன் தயவுசெய்து இதைப் படியுங்கள். நிலத்தடி நீர் என் துறை, இந்தக் கணக்கு தவறாகப் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு, வயலுக்கு 100 பங்கு நீர் விடுகிறோம் என்று வையுங்கள். பயிர் எடுத்து ஆவியாக விடுவது 55. மிச்சம் 45 வீணா? அதில் ஒரு பகுதி உண்மையில் வீண்தான், உவர்நிலத்துக்கோ வெறும் ஆவியாகவோ போகிறது. மற்றது கசிந்து நிலத்தடிக்கும் வடிகால் வழியாக ஆற்றுக்கும் திரும்புகிறது. கீழே இருக்கிற கிணறுகளில் ஊறுவது அந்த நீர்தான். சொட்டுநீர் போட்டபின் 65 பங்கு விட்டால் போதும், பயிர் 58 எடுக்கிறது. வயல் அளவில் 35 மிச்சம். படுகை அளவில் ஆவியாகிப் போனது 55இலிருந்து 58 ஆகக் கூடியிருக்கிறது, பயிர் எடுத்ததுபோக கசியவும் வடியவும் மிஞ்சியது 45இலிருந்து 7 ஆகிவிட்டது. மிச்சப்பட்ட 35ஐயும் எடுத்து இன்னும் கொஞ்சம் நிலத்துக்குப் பாய்ச்சினால் (யாராக இருந்தாலும் பாய்ச்சுவார்கள், நானாக இருந்தாலும்) பயிர் எடுப்பது 89 பங்கு. மேலே செழிப்பு, கீழே கிணறு வற்றும். 2018இல் கிராஃப்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் பல நாடுகளின் அனுபவத்தை வைத்து எழுதியதும் இதைத்தான். பாசனச் செயல்திறன் கூடினால் படுகையில் நீர் மிச்சமாகும் என்பது பெரும்பாலும் நடப்பதில்லை, எடுக்கும் அளவுக்கு ஒரு வரம்பு இருந்தாலொழிய.

உங்கள் மாடலில் தேவை குறைந்ததும் திரும்பும் நீர் குறைகிறதா என்று பாருங்கள். வீப்பில் ஒவ்வொரு தேவை முனைக்கும் (நீர் எடுக்கிற இடத்துக்கும்) எவ்வளவு நுகர்வு, எவ்வளவு திரும்புகிறது, எங்கே திரும்புகிறது என்று கொடுக்க இடம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டாலும் மாடல் ஓடும், அழகான படமும் தரும். பரப்பு கூடும் தெரிவையும் தனியாக ஓட்டுங்கள். சொட்டுநீருக்கு நான் எதிரியில்லை. உரம், ஆட்கூலி, மகசூல், உப்புச் சேர்வது என்று அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. படுகை நீரை மிச்சப்படுத்தும் என்று சொல்லி அதை விற்கக்கூடாது.

இரண்டாவது விஷயம், கிணறுகளுக்கான வரம்பு. ஆண்டுக்கு நிலத்தடியில் இறங்குகிற அளவை எடுத்து, அதுவரை இறைக்கலாம் என்று வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். 1940லேயே தைஸ் என்ற நிலத்தடி நீரியலாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். நாம் இறைப்பதற்கு முன்பே அந்த நீர் எங்கோ போய்க்கொண்டுதான் இருந்தது: ஆற்றின் அடிநீரோட்டமாக (மழையில்லாத காலத்தில் நிலத்தடியிலிருந்து ஆற்றுக்கு ஊறுவது), ஊற்றாக, கழிமுகத்துக்கு நன்னீராக. இறைக்கிற ஒவ்வொரு சொட்டும் முதலில் சேமிப்பிலிருந்து வருகிறது, போகப்போக அந்த ஓட்டத்தைக் குறைத்து வருகிறது. இறங்குவது முழுவதையும் இறைத்தால் நிலத்தடி நீர்மட்டம் ஒரு கட்டத்தில் நிலைத்து நிற்கலாம், ஆறு கோடையில் நின்றுபோகும். அது நடக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் இறைத்தவனுக்கும் வற்றிய ஆற்றுக்கும் தொடர்பே யாருக்கும் தெரிவதில்லை. மாடல் உண்மையில் உதவுகிற இடம் இது. கண்ணால் பார்க்க முடியாத அந்தத் தாமதத்தை அதனால் காட்ட முடியும். அதற்கு வீப்பில் உள்ள எளிய நிலத்தடித் தொட்டி போதாது, நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடுகிற மாட்ஃப்ளோ என்ற மென்பொருளோடு இணைக்க வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1984இல் வெளியிட்டது, இன்றும் இலவசம், வீப்போடு சேர்த்து ஓட்டவும் வழி இருக்கிறது.

நிரல்மொழி எழுதியது:

கிணறுகளின் நீர்மட்டப் பதிவு குறைவாக இருந்தால் கிரேஸ் செயற்கைக்கோள் தரவு பயன்படுமா? நிலத்தடி நீர் குறைவதை ஈர்ப்பு விசை மாற்றத்திலேயே அளக்கிறதே.

அடிநீர் எழுதியது:

நடுத்தரப் படுகைக்கு உதவாது. அந்தச் செயற்கைக்கோள்கள் பார்க்கிற பரப்பு சில நூறு கிலோமீட்டர் அகலம், அதற்குள் உங்கள் படுகையும் பக்கத்துப் படுகைகளும் ஒன்றாகக் கலந்துவிடும். 2002இலிருந்து வருகிற தரவு, பெரிய சமவெளிகளுக்கு அருமையானது. உங்களுக்குப் பத்துக் கிணறுகளில் மாதம் ஒருமுறை நாடா போட்டு அளப்பது அதைவிட மதிப்பு வாய்ந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "பழைய பதிவோடு பொருந்துகிறது" என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். பொருந்துவது அவசியம், ஆனால் அது போதாது. நீரியலாளர் கீத் பெவன் 1990களிலிருந்து வலியுறுத்துகிற விஷயம்: முற்றிலும் வேறுவேறு அளவுருக்களை (மாடலுக்குள் நாம் நிர்ணயிக்கிற எண்களை) வைத்தும் அதே நீரோட்டப் பதிவோடு சம அளவில் பொருந்துகிற மாடல்கள் கிடைக்கும். கடந்தகாலத்துக்கு அவை ஒரே விடை தருகின்றன, எதிர்காலத்துக்கு வேறுவேறு. எனவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். பொருந்துகிற ஒரு கூட்டத்தையே வைத்துக்கொண்டு, மணற்கேணி சொன்ன அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கூட்டத்தையே ஓட்டுங்கள். அத்தனையும் ஒரே தெரிவை உடைக்கின்றன என்றால் தயங்காமல் சொல்லலாம். பாதி உடைத்து பாதி தாங்கினால், அந்த இரண்டு பாதிக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். அடுத்து எதை அளக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கடலோடி எழுதியது:

கழிமுகத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை, அதனால் வருகிறேன். மீன்வளக் கணக்கீட்டில் இருக்கிறேன். எங்கள் துறையில் மாடல் தோற்ற கதை உங்களுக்கும் உதவும்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் பிடிக்கிற காட் மீன். 1980களில் அரசின் கணக்கீடு மீன் இருப்பு நன்றாக இருக்கிறது என்றது. அந்தக் கணக்கின் முக்கியமான உள்ளீடுகளில் ஒன்று பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிப்பு வீதம், அதாவது ஒரு மணி நேர இழுவைக்கு எவ்வளவு மீன். மீன் குறையக் குறைய மிச்சமிருந்தவை ஒரு சில இடங்களில் திரண்டன, கருவிகள் மேம்பட்டுக்கொண்டே வந்த கப்பல்கள் நேராக அங்கே போயின. பிடிப்பு வீதம் இறங்கவே இல்லை. கரையோரத்தில் சிறு படகில் மீன்பிடித்தவர்களோ வலையில் மீன் குறைகிறது, அகப்படுவதும் சிறிதாக இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னது மாடலுக்குள் போக வழியில்லை, கதையாகவே மதிக்கப்பட்டது. 1992 ஜூலை 2ஆம் தேதி மீன்பிடிப்பை மொத்தமாக நிறுத்தினார்கள். 30,000 பேருக்கு மேல் வேலை போனது. இரண்டு ஆண்டுக்கு என்று சொன்ன தடை 2024 வரை நீடித்தது.

கணிதம் அங்கே தவறவில்லை. எந்த அளவீடு உண்மையைக் காட்டும் என்ற அனுமானம் தவறியது. பாசனக்காரன் சொல்கிற "எங்களிடம் இருக்கிற விஷயம்" எனக்கு அந்தக் கரையோர மீனவர்களின் சொல்லாகவே கேட்கிறது. ஒரு பயனாளி சொல்வதும் மாடல் சொல்வதும் மோதுகிற இடத்தைக் கண்டால், அதை ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டு அங்கே போய் அளக்க வேண்டும்.

வடிநிலனிடம் ஒரு கேள்வி: உங்கள் மாடலில் கழிமுகம் என்னவாக இருக்கிறது? "குறைந்தபட்சச் சூழல் நீரோட்டம்" என்ற ஒற்றை எண்ணாகத்தானே? கழிமுகத்து மீனுக்கும் இறாலுக்கும் ஆண்டு முழுவதும் ஒரே சீரான சிறு ஓட்டம் வேண்டாம். குஞ்சுகள் உள்ளே வருகிற பருவத்தில் உப்புத்தன்மை இறங்க வேண்டும், ஆண்டுக்கு ஓரிரு முறை வெள்ளம் வந்து முகத்துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். சராசரி ஓட்டம் இவ்வளவு என்று கணக்குத் தீர்ந்துவிடலாம், மீன் வராது. அத்துடன் மாடலில் முன்னுரிமை வரிசை ஒன்று இருக்கும். அதில் கழிமுகத்தை எத்தனையாவது இடத்தில் வைத்தீர்கள்?

வடிநிலன் எழுதியது:

கடைசி இடத்தில். குடிநீர் 1, பாசனம் 2, தொழில் 3, சூழல் நீரோட்டம் 4. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வரிசை அது. வறட்சி ஆண்டுகளில் கழிமுகத்துக்குப் பூச்சியம்தான் போகிறது, ஆனால் அறிக்கையில் அது "பற்றாக்குறை" என்று எங்கும் வராது, அட்டவணையில் அதற்கான பத்தியே இல்லை.

கடலோடி எழுதியது:

முதலில் அந்தப் பத்தியைச் சேருங்கள். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும், ஆனால் எந்த ஆண்டுகளில் கழிமுகத்துக்கு எதுவும் போகாது என்பது மற்ற எண்களோடு அதே பக்கத்தில் இருக்கட்டும். முன்னுரிமை வரிசை இயற்கை விதி இல்லை, ஒரு கொள்கை முடிவு. மாடலுக்குள் போட்டுவிட்டால் அது கணக்கைப் போலத் தோன்றிவிடுகிறது. அதை மாற்றி ஓட்டிக் காட்டுவதையும் ஒரு தெரிவாக அட்டவணையில் வையுங்கள்.

குறிஞ்சி எழுதியது:

மேலே மலைக்காடு என்று சொன்னீர்கள். "காடு வளர்த்தால் ஆற்றில் நீர் கூடும்" என்ற வரி உங்கள் சினாரியோவில் இருக்கிறதா? இருந்தால் கவனம். பாஷ், ஹியூலெட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1982இல் 94 நீர்ப்பிடிப்புப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மரப்பரப்பு கூடினால் ஆண்டு மொத்த நீரோட்டம் குறைகிறது, குறைந்தால் கூடுகிறது, விலக்கு மிகச் சொற்பம். மரம் நீர் குடிக்கும். தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் வணிகத் தோப்புகளை நீரோட்டத்தைக் குறைக்கும் செயலாகவே அறிவித்து, அனுமதிக்குள் கொண்டுவந்தது.

அதனால் காடு வேண்டாம் என்று யாரும் படித்துவிடக்கூடாது. இயற்கைக் காடு மண்ணைப் பிடித்துவைக்கிறது, அணையில் வண்டல் சேர்வதைத் தடுக்கிறது, மண் கெட்டுப்போன சரிவுகளில் நீர் இறங்குவதைக் கூட்டிக் கோடை ஓட்டத்துக்கு உதவவும் செய்யலாம். வேகமாக வளர்கிற ஒற்றை இனத் தோப்பு வேறு, பழைய காடு வேறு. உங்கள் மாடலில் இரண்டும் "பச்சை" என்ற ஒரே வகையில் இருந்தால் விடை அர்த்தமில்லாதது. ஸ்வாட் என்ற நீர்ப்பிடிப்பு மாடலில் நிலப்பயன், மண், சரிவு மூன்றையும் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கலாம், வண்டலும் கணக்காகும். நான் பார்த்த பல அணைத் திட்டங்களில் வண்டலால் கொள்ளளவு குறைவது 25 ஆண்டுக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை. அதை நிச்சயம் சேருங்கள்.

பாசனக்காரன் கேட்ட நம்பிக்கை பற்றி: ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டை 2004 ஜூலையில் பயன்பாட்டு மண்டலங்களாக மறுபடி பிரித்தபோது, மீன்பிடிக்கவே கூடாத பகுதி 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது 33 விழுக்காடாக ஆனது. மார்க்சான் என்ற மென்பொருள் அதில் பயன்பட்டது. குறிப்பிட்ட பாதுகாப்பு இலக்குகளை மிகக் குறைந்த இழப்பில் எட்டுகிற இட அமைப்புகளைத் தேடித் தருவது அதன் வேலை. கவனிக்க வேண்டியது, அது ஒரு விடை தருவதில்லை, நிறைய நல்ல விடைகள் தருகிறது. கூடவே பொதுமக்களிடமிருந்து 30,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன, கோடுகள் அவற்றைப் பார்த்து நகர்ந்தன. ஓர் எல்லையை நகர்த்தினால் இலக்குக்கு என்ன ஆகிறது என்று உடனே பார்க்க முடிந்ததுதான் கருவியின் உண்மையான பலன். கருத்துச் சொன்னவர்களைக் கேட்டு வரைபடம் மாறியது.

பாசனக்காரன் எழுதியது:

இது எனக்குப் புரிகிறது. கூட்டத்துக்கு முடிந்த வரைபடத்தோடு வராமல் ஓடுகிற மாடலோடு வாருங்கள். "மேல்மடை வாரத்தில் ஒருநாள் குறைத்து எடுத்தால் கடைமடைக்கு என்ன வரும்?" என்று நான் கேட்டால் அங்கேயே மாற்றி ஓட்டிக் காட்டுங்கள். அதைவிட, என்னையே மாற்றவிடுங்கள். மேல்மடைக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

மணற்கேணி எழுதியது:

இதற்கென்றே ஒரு மரபு இருக்கிறது. பிரான்ஸின் சிராட் வேளாண் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990களிலிருந்து பயனாளிகளோடு சேர்ந்தே மாடலைக் கட்டுகிறார்கள். முதலில் அதை விளையாட்டாக ஆடவைப்பார்கள், ஒருவர் அணைக்காரர், ஒருவர் மேல்மடை, ஒருவர் கடைமடை. ஆட்டத்தில் மக்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்த்து, அந்த விதிகளையே கணினிக்குள் எழுதுவார்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையும் 1988 வறட்சிக்குப் பிறகு தேசிய வறட்சி ஆய்வில் இதையொத்த ஒரு முறையைக் கொண்டுவந்தது, சண்டை போடுகிற தரப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே மாடலைக் கட்டுவது. பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை வடிநிலன், இதைச் செய்யுங்கள். அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு மேடையிலிருந்து சொல்கிற பதில் எதுவும் நிற்காது.

உங்கள் முதல் கேள்விக்கு மிச்சம் ஒன்று இருக்கிறது. குழுவிடம் 25 ஆண்டுக்கான ஒற்றை முடிவைக் கேட்காதீர்கள். இப்போது செய்ய வேண்டியது எது, பிறகு செய்யலாம் என்று தள்ளிவைப்பது எது, தள்ளிவைத்ததை எந்த அளவு வந்தால் தொடங்குவோம், இந்த மூன்றையும் கேளுங்கள். கொலராடோவில் 2007 விதிகளில் இதைச் செய்தார்கள். அந்த ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் 1,075 அடிக்குக் கீழே போகும் என்று ஆகஸ்ட் கணிப்பு சொன்னால் அடுத்த ஆண்டு யார் யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். 2021 ஆகஸ்டில் முதல்முறையாக அது அமலானது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விதி என்பதால் குறைப்பு அடுத்த ஆண்டே நடந்தது. அது போதாது என்று 2019லேயே இன்னும் உயரத்தில், 1,090 அடியில் ஒரு படி சேர்த்திருந்தார்கள். போதுமா என்பது வேறு விவாதம், அங்கே பற்றாக்குறை அந்த விதிகளைவிடப் பெரியது. ஆனால் அந்த மட்டம் வருவதற்கு முன்பே இந்த எண்களை ஒப்புக்கொள்ள வைத்துவிட வேண்டும்.

உங்களுக்கான எண்களை மாடலே தரும். ஒரு தெரிவு உடைகிற கட்டங்களில், உடைவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் எந்த அளவீடு முதலில் அசைகிறது என்று தேடுங்கள். அணை மட்டமா, கோடை அடிநீரோட்டமா, குறிப்பிட்ட கிணறுகளா. அதுதான் கண்காணிக்க வேண்டியது.

அடிநீர் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று: நிலத்தடி நீருக்கு அந்த எச்சரிக்கை அளவை மிக முன்னால் வையுங்கள். இறைப்பை நிறுத்தினபிறகும் ஆற்றோட்டம் குறைந்துகொண்டே போகும், இதுவரை இறைத்ததன் பாதிப்பு இன்னும் வந்துசேரவில்லை என்பதால். கிணறு வற்றுகிற மட்டத்தில் எச்சரிக்கை வைத்தால் அது வெறும் பதிவேடு.

நிரல்மொழி எழுதியது:

நான் உதவுகிறேன். அட்டவணையை ஓட்டும் நிரலை எழுதித் தர முடியும், வீப்பை வெளியிலிருந்து இயக்க வழி இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: உள்ளீட்டுக் கோப்புகளையும் நிரலையும் பயனாளிகள் சங்கம் உட்பட யார் கேட்டாலும் கொடுக்கிற மாதிரி வையுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று சொல்லில் ஒன்று: அளந்தது, கணக்கிட்டது, அனுமானித்தது.

வடிநிலன் எழுதியது:

நிரல்மொழி, நன்றி, தனிமடல் அனுப்புகிறேன். கோப்புகளைத் திறந்து வைப்பதற்குக் குழுத் தலைவரிடம் கேட்டுவிட்டேன், தரவு கொடுத்த துறைகளின் ஒப்புதல் வேண்டும் என்றார், கடிதம் எழுதுகிறோம்.

சொட்டுநீர்த் தெரிவைத் திரும்பும் நீர் சேர்த்து மறுபடி ஓட்டினேன். அடிநீர் சொன்னபடியே, பரப்பு கூடினால் கடைமடைக் கிணறுகள் முன்பைவிட மோசமாகின்றன. பரப்புக்கு வரம்பு வைத்தால் ஓரளவு தாங்குகிறது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன், கழிமுகப் பத்தியோடு. செயல்திறன் 60 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடினால் எங்களுக்கும் ஒரு பழைய அறிக்கையைத் தவிர ஆதாரம் கிடைக்கவில்லை. அதை இப்போதைக்கு "அனுமானித்தது" என்று குறித்திருக்கிறேன். பாசனக்காரன் ஐயா, வாய்க்காலில் உண்மையில் எவ்வளவு இழப்பு என்று அளக்க எளிய வழி ஏதாவது உண்டா? கருவிகளுக்கு ஒப்புதல் வாங்க நேரமாகும்.

பாசனக்காரன் எழுதியது:

உண்டு. வாய்க்காலின் இரண்டு முனையையும் அடைத்து, நடுவில் ஒரு துண்டில் நீரை நிறுத்தி, ஓர் அளவுகோல் நட்டு, மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஆவியாவதைப் பக்கத்தில் ஒரு தொட்டி வைத்துக் கழித்துக்கொள்ளலாம். மண்வாய்க்காலில் ஒன்று, சிமெண்டு பூசினதில் ஒன்று, உடைந்துபோன பூச்சில் ஒன்று செய்யுங்கள், மூன்றும் மூன்று எண் தரும். முறை முடிந்து மதகு மூடிய மறுநாள் செய்தால் யாருக்கும் தண்ணீர் நஷ்டம் இல்லை. சங்கத்தில் சொன்னால் ஆள் வருவார்கள், மேல்மடைக்காரரையும் கூப்பிடுங்கள்.